செயலகம் யார் பொறுப்பில்? பன்னாட்டுத் தரநிலைக் குழுக்கள் நடத்தப்படும் விதம்

பன்னாட்டுத் தரநிலை ஆவணம் ஒன்றைத் திறந்தால் அதில் எழுதியவர் பெயர் இருக்காது. இன்ன எண்ணுள்ள தொழில்நுட்பக் குழு இதைத் தயாரித்தது என்று முன்னுரையில் ஒரு வரி மட்டும் இருக்கும். பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ வெளியிட்ட, சரக்குப் பெட்டகங்களின் அளவை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 668 என்றால் அது 104ஆம் குழு. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 என்றால் 176ஆம் குழு. பெரும்பாலோர் அந்த வரியில் நிற்பதில்லை. ஆனால் முதல் எண்ணுக்குப் பின்னால் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான ஆன்சியும், இரண்டாவதற்குப் பின்னால் கனடாவின் தரநிலை மன்றமும் இருக்கின்றன. கூட்டத்தைக் கூட்டுவது, வரைவைச் சுற்றுக்கு விடுவது, கருத்துகளைத் தொகுப்பது, முடிவுகளைப் பதிவு செய்வது ஆகிய வேலைகளை அந்தந்தக் குழுவுக்காக ஏற்றுக்கொண்டவை அந்த அமைப்புகளே. இந்தப் பொறுப்பைத்தான் செயலகம் என்கிறார்கள். தரநிலையின் உள்ளடக்கத்தை நிபுணர்கள் எழுதுகிறார்கள் என்பது உண்மை. எந்த நிபுணரின் சொல் ஆவணத்தில் ஏறும், எது வழியிலேயே நின்றுவிடும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பதோ நிர்வாகம். தொழில்துறைகள் எத்தனை வேறுபட்டிருந்தாலும் இந்த ஒன்று எங்கும் பொருந்துகிறது.

வேலையைப் பல நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை தற்செயலாக வந்ததல்ல. 1865இல் பாரிசில் பன்னாட்டுத் தந்தி ஒன்றியம் உருவானபோது அது அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கையாக இருந்தது; இன்றைய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ அதிலிருந்து வளர்ந்ததுதான். மின்துறை வேறு வழியில் போயிற்று. 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மின்துறை மாநாடு, இயந்திரங்களின் அளவீடுகளையும் பெயரிடலையும் ஒழுங்குபடுத்த நிலையான அமைப்பு வேண்டும் என்று தீர்மானித்தது. 1906இல் லண்டனில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம், அதாவது ஐஇசி, தோன்றியது. அதன் முதல் தலைவர் கெல்வின் பிரபு. நிர்வாகத்தைப் பல்லாண்டு தாங்கியவர் சார்ல்ஸ் லெ மேஸ்த்ர். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியக் குழு, நடுவில் சிறிய அலுவலகம் என்ற அமைப்பு அங்கே உருப்பெற்றது. மின்துறைக்கு வெளியே இதே பணிக்காக 1926இல் தொடங்கிய, தேசியத் தர நிர்ணய அமைப்புகளின் கூட்டமைப்பான ஐஎஸ்ஏ இரண்டாம் உலகப் போரின் நடுவே செயலிழந்தது. 1946 அக்டோபரில் 25 நாடுகளின் 65 பிரதிநிதிகள் லண்டனில் கூடிப் புதிய அமைப்புக்கு வடிவம் கொடுத்தார்கள். 1947 பிப்ரவரியில் ஐஎஸ்ஓ இயங்கத் தொடங்கியது. போரின் அழிவிலிருந்து எழுந்துகொண்டிருந்த நாடுகளுக்குப் பெரிய மைய அலுவலகத்தைச் சுமக்க வசதி இல்லை. வேலையை உறுப்பு நாடுகளே பங்கிட்டுக்கொள்ளும் முறை அந்தச் சூழலுக்குப் பொருந்தியது. இன்றும் அதுவே நடைமுறை.

எனவே ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ மைய அலுவலகம் தரநிலைகளை எழுதுவதில்லை. விதிகளைப் பராமரிப்பதும், இறுதி வாக்கெடுப்புகளை நடத்துவதும், ஆவணங்களைத் திருத்தி வெளியிடுவதும் அதன் பணி. தொழில்நுட்பக் குழுக்களை உருவாக்குவது, கலைப்பது, அவற்றின் எல்லையை வகுப்பது, பொறுப்பை ஒதுக்குவது ஆகியவற்றை 15 உறுப்பினர் கொண்ட தொழில்நுட்ப மேலாண்மை வாரியம் கவனிக்கிறது. ஐஇசியிலும் இதற்கு இணையான வாரியம் ஒன்று உண்டு. ஐஎஸ்ஓவின் முதல் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் திருகுமரை. அப்போது தொடங்கிய வரிசை எண் முறை இன்றும் தொடர்கிறது. ஒரு குழு கலைக்கப்பட்டால் அதன் எண் வேறு குழுவுக்குத் தரப்படுவதில்லை. ஆகவே எண்களின் வரிசையைப் பார்த்தாலே எந்தக் காலத்தில் எந்தத் தொழில் தனக்குப் பொது விதி தேடியது என்பது ஓரளவு புரியும்.

ஒரு குழுவின் உள்ளமைப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரே ஒரு தர நிர்ணய அமைப்புதான் உறுப்பினராக முடியும். அந்த அமைப்பு, தான் அக்கறை கொண்ட குழுவில் பங்கேற்பு உறுப்பினராகவோ பார்வையாளராகவோ சேரலாம். பங்கேற்பு உறுப்பினருக்கு வாக்குரிமையோடு கடமையும் உண்டு: முறையாக முன்வைக்கப்படும் ஒவ்வொன்றின் மீதும் வாக்களிக்க வேண்டும், கூட்டங்களில் பங்களிக்க வேண்டும், தொடர்ந்து தவறினால் பார்வையாளர் நிலைக்கு இறக்கப்படலாம். உள்நாட்டில் அந்த அமைப்பு, உற்பத்தியாளர், பயனாளர், ஆய்வகம், அரசுத் துறை ஆகிய தரப்புகளைச் சேர்த்து இணைக் குழு ஒன்றை நடத்துகிறது. நாட்டின் நிலைப்பாடு அங்கேதான் உருவாகிறது. பன்னாட்டுக் கூட்டத்தில் ஒரு பிரதிநிதி எழுந்து பேசும்போது அவர் தன் சொந்தக் கருத்தைச் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. அந்த இணைக் குழு தந்த முடிவையே அவர் எடுத்துரைக்கிறார்.

பணிக்குழுவில் நிலைமை வேறு. தொழில்நுட்பக் குழுவின் கீழே துணைக்குழுக்களும், அவற்றின் கீழே பணிக்குழுக்களும் இருக்கும். வரைவு உண்மையில் எழுதப்படுவது பணிக்குழுவில். அங்கே உட்காரும் நிபுணரை அவர் நாட்டு அமைப்பு நியமித்தாலும், அவர் தன் தனிப்பட்ட அறிவின் அடிப்படையில் பேசுகிறார் என்பதே விதி. அங்கே நாடுகளின் வாக்கு கிடையாது. இந்த ஏற்பாட்டில் நல்ல சிந்தனை இருக்கிறது. எழுதும் இடத்தில் நாட்டுப் பெருமையும் வணிக நலனும் சற்றே விலகி நிற்க வேண்டும், ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் இடத்தில் நாடுகள் பொறுப்போடு பேச வேண்டும் என்பது நோக்கம். நிபுணரின் சம்பளத்தையும் பயணச் செலவையும் பெரும்பாலும் அவருடைய நிறுவனமே கொடுக்கிறது என்பதால், இந்தப் பிரிவினை நடைமுறையில் விதி சொல்லும் அளவுக்குத் தூய்மையாக இருப்பதில்லை. அதற்காக அதை வெறும் சடங்கு என்று ஒதுக்குவதும் சரியாகாது. ஒரு நிறுவனத்தின் பிரதிநிதியாக வந்தவர் சான்றுகளுக்கு முன்னால் தன் நிலையை மாற்றிக்கொள்ள, இந்த விதி ஒரு மரியாதையான வழியைத் தருகிறது.

தலைவரும் செயலரும் குழுவின் இரு தூண்கள். தலைவரைப் பெயர் குறிப்பிட்டு முன்மொழிவது செயலகப் பொறுப்பை ஏற்ற அமைப்பு; ஐஎஸ்ஓவில் அவர் அதிகபட்சம் 9 ஆண்டுகள் பதவி வகிக்கலாம். பதவியில் இருக்கும்வரை தன் நாட்டின் சார்பை விட்டுவிட வேண்டும். செயலரை ஐஎஸ்ஓ இப்போது ‘குழு மேலாளர்’ என்று அழைக்கிறது. கூட்டத்துக்கு மாதங்களுக்கு முன்பே நிகழ்ச்சி நிரல் போக வேண்டும், கூட்டத்தில் எடுக்கப்பட்ட தீர்மானங்கள் கூட்டம் கலைவதற்குள் எழுத்தில் உறுப்பினர்கள் முன் வைக்கப்பட வேண்டும், வரைவுகள் குறித்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பன போன்ற அவரது கடமைகளை, ஐஎஸ்ஓவும் ஐஇசியும் கூட்டாக வெளியிடும் செயல்முறை விதித்தொகுப்பு விரிவாகச் சொல்கிறது. இவற்றை எழுத்தர் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. தீர்மானத்தின் சொற்களை அவையிலேயே எல்லோரும் பார்த்து ஒப்புக்கொள்ளாவிட்டால், ஊர் திரும்பிய பிறகு அதே தீர்மானத்துக்கு ஆளுக்கொரு பொருள் முளைத்துவிடும் என்பது பல குழுக்களின் பட்டறிவு.

இந்த நிர்வாகத்தின் மையமாக நான் கருதுவது கருத்துப் பட்டியலை. வரைவு சுற்றுக்குப் போனதும் ஒவ்வொரு நாடும் தன் கருத்துகளை ஒரே மாதிரியான அட்டவணையில் அனுப்புகிறது. நாட்டின் குறியீடு, எந்தப் பிரிவு, எந்தப் பத்தி அல்லது படம், கருத்து பொதுவானதா தொழில்நுட்பம் சார்ந்ததா மொழித் திருத்தமா, கருத்து என்ன, அதற்குப் பதிலாக முன்மொழியும் சொற்கள் என்ன என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். அதில்தான் செயலகம் அந்தக் கருத்து என்ன ஆயிற்று என்று எழுதுகிறது. ஏற்கப்பட்டதா, பகுதியாக ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, மறுக்கப்பட்டால் ஏன் என்று அங்கே பதிவாக வேண்டும். கருத்துகள் நூற்றுக்கணக்கில் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. மாற்றுச் சொற்களைத் தராமல் ‘இந்தப் பிரிவு தெளிவாக இல்லை’ என்று மட்டும் எழுதும் நாட்டின் கருத்து பெரும்பாலும் பயன்படாமல் போகும். துல்லியமான மாற்று வாக்கியத்தை எழுதி அனுப்பும் நாட்டின் சொல் அப்படியே ஆவணத்தில் நுழைந்துவிடும். சிறிய நாடு, பெரிய நாடு என்ற வேறுபாடு இந்த அட்டவணையில் குறைகிறது. நன்றாக எழுதப்பட்ட ஒரு கருத்தை எந்த நாடு அனுப்பினாலும் பணிக்குழு அதைப் பேசியே ஆக வேண்டும்.

வரைவு கடக்கும் கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிய முன்மொழிவுக்கு வாக்களிக்கும் பங்கேற்பு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு வேண்டும். குழுவின் அளவைப் பொறுத்துக் குறைந்தது 4 அல்லது 5 நாடுகள் நிபுணர்களை அனுப்பவும் முன்வர வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை மிக நல்லது, ஏனெனில் கை தூக்குவது எளிது, ஆளை அனுப்புவது கடினம். பிறகு பணிக்குழு வரைவு, குழு வரைவு, அதன்பின் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் 12 வாரம் சுற்றுக்குப் போகும் விசாரணை வரைவு. அங்கே வாக்களிக்கும் பங்கேற்பு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பதிவான மொத்த வாக்குகளில் எதிர்வாக்கு நான்கில் ஒரு பங்குக்கு மிகாமையும் தேவை. தொழில்நுட்ப மாற்றங்கள் நேர்ந்திருந்தால் இறுதி வரைவுக்கு மறுபடி வாக்கெடுப்பு நடக்கும். முழு வேலைக்கும் பொதுவாக 18, 24 அல்லது 36 மாதக் கெடு விதிக்கப்படுகிறது. கெடு தவறிய திட்டம் தானாகவே நீக்கப்படும் ஆபத்தைச் சந்திக்கிறது.

எண்ணிக்கை இருந்தாலும் இலக்கு எண்ணிக்கையல்ல, ஒருமித்த கருத்து. அதை விதித்தொகுப்பு நுணுக்கமாக வரையறுக்கிறது: பொதுவான உடன்பாடு இருக்க வேண்டும், முக்கியமான தரப்பு எதுவும் அடிப்படையான பொருளில் தொடர்ந்து எதிர்த்து நிற்கக் கூடாது, எல்லாத் தரப்பின் கருத்தையும் கணக்கில் எடுக்கும் முயற்சி நடந்திருக்க வேண்டும், எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்பது கட்டாயமில்லை. எந்தத் தரப்பு முக்கியமானது, எந்த எதிர்ப்பு தொடர்ந்த எதிர்ப்பு என்பதைத் தலைவர் செயலரோடு கலந்து தீர்மானிக்கிறார். ஒரு முறை எதிர்த்துவிட்டு அமைதியானவரையும், ஒவ்வொரு கூட்டத்திலும் காரணங்களோடு எழுந்து நிற்பவரையும் வேறுபடுத்திப் பார்க்கும் அந்தத் தீர்ப்பை எந்தச் சூத்திரமும் செய்து தராது. நல்ல தலைவர் எதிர்ப்பாளரிடம் ‘உங்கள் வாக்கு மாற எந்தச் சொல் மாற வேண்டும்?’ என்று கேட்பார். பல முட்டுக்கட்டைகள் அந்தக் கேள்வியில் தீர்ந்திருக்கின்றன.

விதிகளின் மீது பெரும் பாரம் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு 2007, 2008 ஆண்டுகளில் நடந்த ஓஓஎக்ஸ்எம்எல் விவகாரம் நல்ல சான்று. மைக்ரோசாஃப்ட் அலுவலக மென்பொருளின் கோப்பு வடிவத்தைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் தரநிலை அமைப்பான எக்மா தன் தரநிலையாக ஏற்று, விரைவு வழியில் ஐஎஸ்ஓ, ஐஇசி ஆகியவற்றின் கூட்டுக் குழுவிடம் அனுப்பியது. ஆவணம் சுமார் 6,000 பக்கம். விரைவு வழி என்பது ஏற்கெனவே முதிர்ந்த ஆவணத்தை முந்தைய கட்டங்களின்றி நேராக வாக்கெடுப்புக்கு விடும் வழி. 6,000 பக்கத்தை 5 மாதத்தில் தேசிய இணைக் குழுக்கள் படித்து முடிக்க வேண்டியிருந்தது. 2007 செப்டம்பரில் முடிந்த வாக்கெடுப்பில் பங்கேற்பு உறுப்பினர்களின் ஆதரவு 53 சதவீதம், மொத்தத்தில் எதிர்வாக்கு 26 சதவீதம். இரண்டு நிபந்தனைகளுமே நிறைவேறவில்லை. வந்து குவிந்த கருத்துகளைத் தீர்க்க 2008 பிப்ரவரி இறுதியில் ஜெனீவாவில் 5 நாள் கூட்டம் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களை 5 நாளில் ஒவ்வொன்றாகப் பேச வழியில்லை. பெரும்பகுதி விவாதமின்றி எழுத்து வாக்குச்சீட்டில் முடிவாயிற்று. அதன்பின் நாடுகள் தங்கள் வாக்கை மாற்றிக்கொள்ள அனுமதி இருந்ததால், 75 சதவீத ஆதரவும் 14 சதவீத எதிர்ப்புமாக ஆவணம் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா, பிரேசில், இந்தியா, வெனிசுவேலா ஆகிய நான்கு நாடுகளின் அமைப்புகள் மேல்முறையீடு செய்தன. மேலாண்மை வாரியங்கள் அவற்றை மேற்கொண்டு எடுத்துச் செல்லவில்லை.

இந்த விவகாரத்தில் கவனம் பெறாத ஒரு பகுதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வாக்கெடுப்பு நெருங்கிய வேளையில் பல நாடுகள் அந்த ஆவணத்துக்குரிய துணைக்குழுவில் திடீரெனப் பங்கேற்பு உறுப்பினர்களாயின. பெரிய வாக்கெடுப்பு முடிந்ததும் அவற்றில் பல மற்ற வரைவுகளுக்கு வாக்களிக்கவே இல்லை. பங்கேற்பு உறுப்பினர்களில் போதிய விகிதத்தினர் வாக்களித்தால்தான் முடிவு செல்லும் என்பதால், தொடர்பே இல்லாத வேறு தரநிலைகளின் வேலையும் அந்தத் துணைக்குழுவில் தேங்கி நின்றது. ஒரு குழுவின் உறுப்பினர் பட்டியல் என்பது அதன் எல்லா வேலைக்கும் பொதுவான அடித்தளம். ஒரே ஒரு முடிவுக்காக அதைப் பெருக்கினால் மற்ற அத்தனை முடிவுகளும் அதற்கான விலையைக் கொடுக்க நேரிடும். எந்த விதியும் மீறப்படாமலேயே இது நடக்கக்கூடும் என்பதுதான் கவலைக்குரியது.

இனிச் செலவு. செயலகத்தை ஏற்கும் நாட்டு அமைப்பு அதன் ஊழியருக்குச் சம்பளம், பயணம், அலுவலக வசதி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ பணம் தருவதில்லை. பல நாடுகளில் அந்தச் செலவை அந்தத் தொழிலின் சங்கங்களோ நிறுவனங்களோ அமைப்பின் வழியாகக் கொடுக்கின்றன. எனவே ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், பிரிட்டன் போன்ற தொழில்வளம் மிக்க நாடுகளிடம் செயலகங்கள் நீண்ட காலமாகக் குவிந்திருக்கின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் சீனாவின் பங்கு வேகமாக வளர்ந்திருக்கிறது. செயலகம் நடுநிலை காக்கக் கடமைப்பட்டது; பெரும்பாலும் காக்கவும் செய்கிறது. ஆயினும் எந்த முன்மொழிவு நிகழ்ச்சி நிரலில் முதலில் வரும், கூட்டம் எந்த நகரில் எந்த மாதம் நடக்கும், அடுத்த தலைவராக யார் முன்மொழியப்படுவார் என்பவை அதன் மேசையில் உருவாகின்றன. யாரும் தவறு செய்யாவிட்டாலும், செய்தி முதலில் தெரிந்தவர் முன்னதாகத் தயாராகிறார். செயலகம் ஏற்பதை நாடுகள் கொள்கை முடிவாகக் கருதுவதற்கு இந்த நன்மை ஒன்றே போதிய காரணம்.

இதைச் சமன்செய்ய ஐஎஸ்ஓ சில வழிகளை வைத்திருக்கிறது. வளரும் நாடுகளின் தேவையைக் கவனிக்க 1961இலேயே தனிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. வளர்ந்த நாடு ஒன்றும் வளரும் நாடு ஒன்றும் இணைந்து செயலகத்தையோ தலைமையையோ ஏற்கும் இணைப் பொறுப்பு முறையும் உண்டு. காணொளிக் கூட்டங்கள் பரவியதால் பயணச் செலவு குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு கண்டத்தின் அலுவலக நேரம் இன்னொரு கண்டத்தின் நள்ளிரவாக இருப்பதால் புதிய சமமின்மை ஒன்றும் வந்திருக்கிறது. கூட்டநேரத்தைச் சுழற்சி முறையில் மாற்றும் குழுக்களை நான் மதிக்கிறேன். அது சிறிய செயல், அதன் பயன் பெரியது.

உணவுத்துறையில் செயலகப் பொறுப்பை அரசுகளே ஏற்கின்றன. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையத்தின் மையச் செயலகம் ரோமில் இருந்தாலும், அதன் துணைக்குழுக்கள் ஒவ்வொன்றும் ஓர் அரசின் பொறுப்பில், அந்த அரசின் செலவில் நடக்கின்றன. உணவுச் சுகாதாரம் அமெரிக்காவிடமும், உணவு லேபிள் கனடாவிடமும், ஊட்டச்சத்து ஜெர்மனியிடமும், மசாலாப் பொருள்கள் இந்தியாவிடமும் இருக்கின்றன. இங்கே வரைவு 8 படிகளைக் கடக்க வேண்டும். அறிவியல் மதிப்பீட்டைக் குழுவுக்கு வெளியே உள்ள நிபுணர் அவைகள் தனியாகச் செய்கின்றன. அறிவியலையும் பேரத்தையும் இப்படிப் பிரித்து வைத்தும் மோதல் தவிர்க்க முடிவதில்லை. கால்நடைத் தீவனத்தில் சேர்க்கப்படும் ராக்டோபமைன் மருந்தின் எச்ச வரம்பு பல ஆண்டுகள் இழுபறியில் கிடந்து, 2012 ஜூலையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 69 ஆதரவு, 67 எதிர்ப்பு, 7 நடுநிலை என்று நிறைவேறியது. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிற்கும் தரநிலை சட்டப்படி முழுத் தரநிலைதான். எதிர்த்த நாடுகள் அதை மனமொப்பி ஏற்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. உணவுத் தரநிலைகளின் கூட்டங்களுக்கு ஏழை நாடுகளின் பிரதிநிதிகள் வந்து சேர 2003இலேயே நம்பிக்கை நிதியம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது.

ஒரு தன்னார்வ ஆவணத்துக்காக அரசுகள் ஏன் இவ்வளவு மோதுகின்றன என்று கேட்கலாம். 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தம், பொருத்தமான பன்னாட்டுத் தரநிலை இருக்கும்போது நாடுகள் தங்கள் தொழில்நுட்ப விதிமுறைகளுக்கு அதை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்கிறது. அதன் எடை 2002இல் தெளிவாயிற்று. தன் கடற்பகுதியில் கிடைக்கும் மீனை ‘சார்டின்’ என்ற பெயரோடு விற்க ஐரோப்பிய விதி தடையாக இருப்பதாகப் பெரு தொடுத்த வழக்கில், கோடெக்ஸ் தரநிலையே அடிப்படையாக இருந்திருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு மன்றம் பெருவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தரநிலை ஒருமித்த கருத்தால் ஏற்கப்பட்டதா என்பது பொருட்டல்ல என்றும் அது கூறியது. அதன்பின் குழு அறையில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் துறைமுகத்தில் செல்லுபடியாகும் என்ற உணர்வோடு நாடுகள் வரத் தொடங்கின. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2000இல், அந்த ஒப்பந்தத்தின் குழு, பன்னாட்டுத் தரநிலை எப்படி உருவாக வேண்டும் என்று ஆறு கோட்பாடுகளை வகுத்திருந்தது: வெளிப்படைத்தன்மை, திறந்த பங்கேற்பு, நடுநிலையும் ஒருமித்த கருத்தும், பயன்பாடும் பொருத்தமும், முரண்பாடின்மை, வளரும் நாடுகளின் நலன். ஆறில் பெரும்பாலானவை குழுவை நடத்தும் முறையைப் பற்றியவையே.

தொலைத்தொடர்பில் ஐடியூ தன் மரபை இன்னும் காக்கிறது. ஆய்வுக் குழுக்களின் தலைவர்களை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடும் உலகத் தரநிலைப் பேரவை நியமிக்கிறது. செயலக வேலையை எந்த நாடும் ஏற்பதில்லை, ஜெனீவாவில் உள்ள ஐடியூவின் சொந்த ஊழியர்கள் செய்கிறார்கள். கைப்பேசி வலையமைப்புகளுக்கான 3ஜிபிபி வேறு மாதிரி. 1998இல் தொடங்கிய அது இன்று ஏழு அமைப்புகளின் கூட்டு. கூட்டத்துக்கு வருபவை நிறுவனங்கள். அவை சமர்ப்பிக்கும் ஆவணங்கள் ஒரே கூட்டத்தில் நூற்றுக்கணக்கில், சில பணிக்குழுக்களில் ஆயிரத்துக்கும் மேல் குவியும். அவற்றுக்கு எண்ணிட்டு, ஒப்புக்கொண்ட மாற்றங்களை விவரக்குறிப்புகளில் பிழையின்றிச் சேர்க்கும் பொறுப்பு பிரான்சின் சோஃபியா அந்திபோலிஸில் உள்ள ஆதரவு மையத்தினுடையது. அங்கே வாக்கெடுப்பு அரிது. வந்தால் 71 சதவீதம் தேவை.

நாடு என்ற அலகையே விட்டுவிட்ட அமைப்புகளும் இருக்கின்றன. 1898இல் இரயில் தண்டவாள எஃகைப் பற்றிய தகராறுகளின் நடுவே அமெரிக்காவில் பிறந்த தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம், உற்பத்தியாளர்களின் வாக்குகள் மற்றவர்களின் வாக்குகளை மிஞ்சக் கூடாது என்று சமநிலை காக்கிறது. ஒவ்வொரு எதிர்வாக்கையும் காரணத்தோடு பரிசீலித்தே முன்னேற முடியும். இணையத்தின் நெறிமுறைகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பில் உறுப்பினர் பட்டியலே இல்லை. வாக்கெடுப்பும் இல்லை, அவையில் முனகல் ஒலியெழுப்பச் சொல்லி ஆதரவையும் எதிர்ப்பையும் தலைவர் உணர்ந்துகொள்கிறார், பிறகு முடிவு மின்னஞ்சல் பட்டியலில் உறுதி செய்யப்படுகிறது, ஏற்காதவர் படிப்படியாக மேல்முறையீடு செய்யலாம். கூட்டத்துக்கு வர வசதியற்றவருக்கு மின்னஞ்சல் பட்டியலே இறுதி அவை என்ற விதி, ஆறு கோட்பாடுகளில் ஒன்றான திறந்த பங்கேற்பை மற்ற எந்த அமைப்பையும்விட நேரடியாக நிறைவேற்றுவதாக எனக்குத் தோன்றுகிறது.

தனிநபர் வாக்குக்கும் ஆபத்து உண்டு. மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇயில், கணினி வலையமைப்புத் தரநிலைகளை எழுதும் 802 தொகுதிக் குழுக்களில் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வந்து வாக்குரிமையை ஈட்ட வேண்டும். இறுதி வாக்கெடுப்பில் 75 சதவீதம் பேர் வாக்களித்து அவர்களில் 75 சதவீதம் ஆதரிக்க வேண்டும். விதி நேர்த்தியானது. ஆயினும் ஒரு நிறுவனம் தனக்காகப் பலரை அனுப்பினால், அல்லது ஆலோசகர்கள் தம்மை அமர்த்தியது யார் என்று சொல்லாமல் உட்கார்ந்தால், தனிநபர் வாக்கு என்பது பொருளற்றுப் போகும். நகரும் பயனர்களுக்கான அகலப்பட்டை பற்றிய 802.20 குழுவில் வெளிப்படைத்தன்மையின்மை, ஆதிக்கம் பற்றிய புகார்கள் எழுந்தபோது, 2006 ஜூனில் அமைப்பின் தரநிலை வாரியம் அந்தக் குழுவின் வேலையையே சில மாதங்கள் நிறுத்திவைத்தது. புதிய தலைமை வந்தது. பின்னர் வாக்குகள் சார்ந்த நிறுவனத்தின் அடிப்படையில் எண்ணப்பட்டன. தன் குழு ஒன்றைத் தானே நிறுத்தும் துணிவு எந்தத் தரநிலை அமைப்புக்கும் எளிதில் வருவதல்ல. யாருக்காகப் பேசுகிறேன் என்று ஒவ்வொருவரும் அறிவிக்கும் வழக்கம் பல அமைப்புகளில் உறுதிப்பட வேண்டிய தேவையை அந்த நிகழ்வு காட்டியது.

காப்புரிமை பற்றியும் ஒரு சொல். 1963இல் பெட்டகக் கப்பல் நிறுவனமான சீ-லேண்ட் பெட்டகத்தின் மூலைப் பொருத்துக்கான தன் காப்புரிமையைக் கட்டணமின்றி விட்டுக்கொடுத்ததால்தான் பொது வடிவத்தை நோக்கி 104ஆம் குழு நகர முடிந்தது. இன்று ஐடியூ, ஐஎஸ்ஓ, ஐஇசி மூன்றுக்கும் பொதுவான கொள்கை உண்டு: காப்புரிமை வைத்திருப்பவர் இலவசமாகவோ, நியாயமான, பாகுபாடற்ற விதிமுறைகளிலோ உரிமம் தர ஒப்ப வேண்டும், மறுத்தால் அந்தத் தொழில்நுட்பம் தரநிலையில் இடம்பெறாது. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் இது பற்றிய கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்வது தலைவர், செயலரின் வேலை. ‘நியாயமான’ தொகை எவ்வளவு என்பதில் குழு தலையிடுவதில்லை. அது நீதிமன்றங்களுக்குப் போகிறது.

வெளியானதோடு வேலை முடிவதில்லை. ஐஎஸ்ஓ தரநிலை ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறு ஆய்வுக்கு வருகிறது: அப்படியே தொடரலாமா, திருத்தலாமா, திரும்பப் பெறலாமா என்று நாடுகள் வாக்களிக்கின்றன. தன் நாட்டில் அது பயன்படுகிறதா, தேசியத் தரநிலையாக ஏற்கப்பட்டிருக்கிறதா என்றும் அவற்றிடம் கேட்கப்படுகிறது. பரபரப்பில்லாத இந்த வாக்கெடுப்புகளுக்குப் பல நாடுகள் போதிய கவனம் தருவதில்லை. பழைய ஆவணம் ஒன்று யாரும் படிக்காமலேயே ‘தொடரலாம்’ என்ற முத்திரையோடு இன்னும் ஐந்து ஆண்டு நீடிக்கும் அபாயம் இங்கே இருக்கிறது. தொழிற்சாலையில் அந்த ஆவணத்தை நாள்தோறும் கையாளும் பொறியாளர் தன் நாட்டு இணைக் குழுவுக்கு ஒரு பக்கக் கருத்து எழுதினால் இந்தக் கட்டத்தில் அதற்கு மிகுந்த மதிப்பு உண்டு.

செயலகத்தைத் தொடர இயலாத நாடு குறைந்தது 12 மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும். மற்ற பங்கேற்பு உறுப்பினர்களிடம் யாராவது ஏற்க முன்வருகிறார்களா என்று கேட்கப்படும். ஒரு தொழில் செழிப்பாக இருக்கும்போது அதற்குப் போட்டி இருக்கும். தொழில் நலிந்தாலோ வேறு நாட்டுக்கு நகர்ந்தாலோ முன்வருபவர் கிடைப்பது அரிது. வேலை தற்காலிகமாக நின்ற குழுக்கள் காத்திருப்பு நிலையில் வைக்கப்படுகின்றன. அவற்றின் தரநிலைகள் நடப்பில் இருக்கும், மறு ஆய்வு வாக்கெடுப்புகளும் உரிய காலத்தில் நடக்கும். செயலகத்தை ஏற்க எவரும் இல்லாமல் போனால், குழுவைக் கலைப்பதா என்பதை மேலாண்மை வாரியம் முடிவு செய்கிறது.